மேரி ராணியின் சங்கேத லிபி

ஸ்காத்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட்டின் சரித்திரத்தைக் காதலும் கொலையும் மலிந்த கதையாகப் படித்தவர்கள் பலர். அம்மாதரசியின் சிரத்தைக் கொண்டுபோனது ஒரு கடிதம் என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. கடிதங்களாலும் கைப்பேசிச் செய்திகளாலும் காரியங்களை நடத்தும் நமது பொதுஜன ஊழியர்கள் அவளது வாழ்வின் கடைசி வருஷத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

முற்பகுதியைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1542-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி பிறந்த மேரி, ஆறாம் நாளிலேயே தந்தையை இழந்து, தொட்டிலில் கிடந்தபடியே ராணியானாள். பிரான்ஸில் வளர்ந்து அந்நாட்டு இளவரசனை மணந்து, பதினெட்டு வயது நிரம்புமுன்னரே விதவையானாள். இரண்டாவது கணவன் டார்ன்லி 1567-ல் கொலையுண்டான். அக்கொலையில் சம்பந்தப்பட்டவனென்று ஊரெல்லாம் சந்தேகித்த பாத்வெல் பிரபுவை மூன்றே மாதத்தில் மணந்து, கிரீடத்தையும் இழந்தாள். 1568-ல் இங்கிலாந்துக்கு ஓடிவந்து, உறவினளான எலிஸபெத் ராணியிடம் அடைக்கலம் கேட்டாள். கிடைத்தது சுமார் பத்தொன்பது வருஷச் சிறைவாசம்.

1586-ல் அவள் சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தாள். வெளியுலகத்துடன் கடிதப் போக்குவரத்து அடியோடு நின்றிருந்தது. அச்சமயத்தில் கில்பர்ட் கிப்பர்டு என்ற இளைஞன் தோன்றி, பீர் பீப்பாய்க்குள் கடிதங்களை ஒளித்து அனுப்பும் வழியைக் கொண்டுவந்தான். பாரிஸிலிருந்த மேரியின் ஏஜெண்டு தாமஸ் மார்கன் எழுதிய சிபாரிசுக் கடிதம் அவனிடம் இருந்தது. கடிதம் உண்மையானதே, அதைக் கொண்டுவந்தவனோ ராஜாங்க மந்திரி வால்ஸிங்ஹாமின் ஒற்றன்.

தன் எழுத்தை யாரும் படிக்க முடியாதென்று மேரி நம்பினாள். எழுத்துக்களுக்குப் பதிலாக 23 குறிகள், சொற்களுக்குப் பதிலாக 35 குறிகள், படிப்பவனை மயக்கப் பொருளற்ற குறிகள் நான்கு: இவ்வளவே அந்தச் சங்கேதம். எந்தக் குறி எத்தனை தடவை வருகிறதென்று எண்ணியே தாமஸ் பெலிப்ஸ் என்னும் நிபுணன் அதை உடைத்தான். முத்திரையை உடைத்து மீண்டும் பழையபடி ஒட்டுவதற்கு ஆர்தர் கிரிகரி என்பவன் இருந்தான். சங்கேதமே இல்லாதிருந்தால் மேரி ஜாக்கிரதையாக எழுதியிருப்பாள் என்பது நம் அபிப்பிராயம். பலவீனமான பூட்டு, பூட்டில்லாத கதவைவிட அவளுக்கு அதிகத் தீங்கு செய்தது.

ஜூலை மாதத்தில் ஆன்டனி பாபிங்டன் என்ற வாலிபப் பிரபு, எலிஸபெத்தைக் கொல்ல ஆறு பேர் தயாரென்று எழுதினான். மேரி பதில் எழுதினாள். பெலிப்ஸ் அதைப் படித்ததோடு நில்லாமல், அந்த ஆறு பேரின் பெயர்களைக் கேட்பதாக ஒரு பின்குறிப்பையும் அதே சங்கேதத்தில் சேர்த்து அனுப்பினான். பாபிங்டனுக்கோ அதைத் தன் ராணியின் வார்த்தையல்லவென்று கண்டுகொள்ள வழியே இருக்கவில்லை.

இக்காலத்து இணையத்தில் பலமான சங்கேதத்தோடு சான்றிதழ் என்ற ஏற்பாடும் சேர்ந்திருப்பது இதற்காகவே. இன்ன திறவுகோல் இன்ன தளத்துக்குரியதென்று மூன்றாவது ஸ்தாபனம் ஒன்று கையொப்பமிட்டுச் சாட்சி சொல்கிறது; அதைப் பரிசோதித்த பிறகே நமது கணினி ரகஸ்யங்களை அனுப்புகிறது. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும். ஆனால் மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று சான்றிதழ் சொல்வதில்லை. மோசக்காரனும் தன் தளத்துக்கு ஒன்று வாங்கலாம். சாட்சியே கெட்டுப்போவதும் உண்டு. ஹாலந்து தேசத்து டிஜிநோட்டார் ஸ்தாபனத்துக்குள் 2011-ல் புகுந்தவர்கள் கூகிளின் பெயரால் போலிச் சான்றிதழ் உண்டாக்கினர். ஈரானியர் பலரை வேவு பார்க்க அது உபயோகமாயிற்று.

அக்டோபரில் பாதரிங்கே கோட்டையில் விசாரணை நடந்தது. மேரிக்கு வக்கீல் இல்லை. அசல் கடிதத்தைக் காட்டச் சொன்னாள். பிரதி மட்டுமே வாசிக்கப்பட்டது. வாக்குமூலம் கொடுத்த காரியதரிசிகள் இருவரும் அவள் முன் நிறுத்தப்படவில்லை. சதிக்கு அவள் இணங்கினாள் என்றே சரித்திரக்காரரில் பெரும்பாலோர் கருதுகின்றனர், இருக்கலாம். ஆயினும், பின்குறிப்பைப் புனைந்தவனே எடுத்துக் கொடுத்த பிரதியை எந்த நியாயஸ்தலம் ருஜுவாக ஏற்கும்? 1587-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி அவள் சிரச்சேதம் செய்யப்பட்டாள்.

பாரிஸ் தேசிய நூல்நிலையத்தில் இத்தாலியச் சமாசாரங்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்டுக் கிடந்த 57 சங்கேதக் கடிதங்களை மூன்று ஆராய்ச்சியாளர்கள் கணினியின் துணையால் படித்து 2023-ல் வெளியிட்டனர். அவை 1578 முதல் 1584 வரை மேரி எழுதியவை. பெரும்பாலானவை லண்டனிலிருந்த பிரெஞ்சு ஸ்தானிகருக்குச் சென்றவை. அவற்றுள் சிலவற்றின் பிரதிகள் அக்காலத்திலேயே, அந்த ஸ்தானிகரின் வீட்டிலிருந்த ஒற்றன் மூலம் வால்ஸிங்ஹாமின் கையில் சேர்ந்திருந்தன.