புதுக்கோட்டை ஈன்ற மருத்துவ அம்மையார்

நம் மணமேற்குடியிற் பிறந்த குலச்சிறையாரை அறியாதார் நம்மவருள் இலர். பாண்டியன் வெப்புநோயால் வருந்திய காலத்து, அவனுக்கு அமைச்சராயிருந்த அவர், நோய் தீர்க்க வல்லாரை வரவழைக்க அரசியாரோடு உடனின்றார். பிறர் பிணிக்கு மருந்து தேடுதல் இந்நாட்டுப் பழவழக்குப் போலும்! அவ்வழி நின்ற மற்றொருவர் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று மறுப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடங்கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். 1927-இல் சென்னைச் சட்டசபை புகுந்ததும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும் யாவரும் அறிந்தவை, அவற்றை விரித்திலோம்.

யாம் சொல்லக் கருதியது வேறொன்று. அம்மையாரின் தங்கைக்குப் புற்றுநோய் கண்டது. தமக்கை மருத்துவர், தமக்கையின் கணவரோ அறுவை மருத்துவத்தில் வல்லவர். இருவர் கல்வியும் அவ்வுயிரைக் காக்கவில்லை. 1923-இல் தங்கை மறைந்தார். கற்ற கல்வி தம் வீட்டிலேயே கைகொடாது போனால், அக்கல்வியையே வெறுத்தொதுங்குவார் பலர். அம்மையாரோ அந்நோயைப் பகைவனாகவே எண்ணிப் பின்தொடரத் தொடங்கினார்.

1925-இல் மேற்பயிற்சிக்கு இலண்டன் சென்றபோது, அங்கே இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை இருத்தலைக் கண்டார். காலத்தே கண்டறியின் பிழைப்பாரும் உளர் என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. நம் பக்கத்திலோ இன்றும் இந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூசுகின்றனர். மார்பிற் கட்டி கண்ட பெண்மக்கள், கணவரிடமும் தாயிடமும் கூறாது மாதக்கணக்கில் மறைத்து வைத்தலை யாம் அறிவோம். வலியில்லையே என்று வாளாவிருக்கின்றனர். தொடக்கத்தில் அக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதைத் தாய்மார்கள் கருத்திற் கொள்ள வேண்டுகின்றோம்.

1935-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் வெளிப்படையாகக் கேட்டார். இந்நோய் கண்டோர் இறப்பது உறுதியாயின் மருத்துவமனை எதற்கு என்பதே ஆள்வோரிடத்திருந்த எண்ணம். ஆண்டுகள் கழிந்தன. 1949-இல் மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டத் தொடங்கினார். அப்போது வயது அறுபதைக் கடந்துவிட்டது. நம் வீடுகளில் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து பேரக்குழந்தைகளைக் கொஞ்சும் பருவம்! அம்மையாரோ பொருள் கேட்டு வாயில்தோறும் ஏறி இறங்கினார்.

1952-இல் நேரு அவர்கள் அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கிற்று. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அப்பணியைத் தம் தோளில் ஏற்றார். 1955-இல் டாக்டர் சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். 2021-இல் மறையும் வரை அவர் அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை.

முத்துலட்சுமி அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார். அவர் பிறந்த ஜூலை 30-ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019-இல் அறிவித்தது. அந்நாளில் நம் சங்கத்துப் பெண்மக்களை ஒருங்கே அழைத்துச் சென்று மருத்துவச் சோதனை செய்விக்கலாம் என்று நிருவாகிகளிடம் விண்ணப்பித்துள்ளோம்.