தமிழ்த் தாத்தாவும் ஸ்டாண்ட்பை சர்வரும்

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. டேட்டாபேஸ் பாடத்தில் ரெப்ளிகேஷன் நடந்தபோது, மெயின் சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அப்போது என் மனசுக்கு வந்தவர் நம்ம தஞ்சைச் சீமையில் பிறந்த உ.வே.சாமிநாதையர்தான்.

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தார்; சொந்த ஊர் பாபநாசம் பக்கம் உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். 1876-ல் ஆசிரியர் மறையும் வரை கூடவே இருந்தார். 1880-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதே வருஷம் அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அப்போது பழைய நூல்களில் பெரும்பாலானவை பனையோலையில்தான் கிடந்தன. ஓலைக்கு ஆயுள் கொஞ்சம்தான். செல்லரிக்கும், ஓரம் முறியும். பழைய ஏடு நைந்து போவதற்குள் புதுசா பிரதி எழுதினால்தான் நூல் பிழைக்கும். ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன ஆகும்? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனவருக்கு, அங்கிருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் கிடைத்தது.

நம்ம பாடமும் இதுதானே! மெயின் சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக்கில் பதிவாகும். அந்த லாக் ஸ்டாண்ட்பைக்குப் போய், அங்கேயும் அதே மாற்றம் நடக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2010-ல் வந்த 9.0 வெர்ஷனிலிருந்து இதை விடாமல் ஓடும் ஓடையாகவே அனுப்புகிறது. மெயின் விழுந்தால் ஸ்டாண்ட்பையை மெயினாக உயர்த்திவிடலாம். ஆனால் இரண்டையும் ஒரே ரூமில் வைத்துவிட்டு நிம்மதியா தூங்க முடியுமா? 2018 நவம்பரில் கஜா அடித்தபோது முத்துப்பேட்டையில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, ஞாபகம் இருக்கா? ஒண்ணு இங்கே என்றால், இன்னொன்று தூரத்தில் இருக்கணும்.

ஐயருக்கு இது அனுபவத்தில் தெரியும். பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கிச் சொல்லும் இடத்தில் சில அடிகள் அவரிடம் இருந்த பிரதிகளில் இல்லை. அலைந்து அலைந்து கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. 1889-ல் நூல் அச்சானது. இதைவிடப் பொருத்தமான ஃபெயிலோவர் உதாரணம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை!

இன்னொரு சங்கதியும் உண்டு. பிரதி எழுதுபவர் ஒரு பிழை விட்டால், அதைப் பார்த்து எழுதும் அடுத்த பிரதியிலும் அதே பிழை. மெயினில் ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்தால் ஸ்டாண்ட்பையிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும், தப்பும் சேர்ந்தே காப்பி ஆகும். எங்க செட் நண்பர் ஒருவர் இதை புராஜெக்ட் முடிக்கும் வாரத்தில்தான் கற்றுக்கொண்டார், பாவம். ஸ்டாண்ட்பை இருக்கேன்னு பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தார். ஐயர் ஒரே ஊர் ஏட்டை நம்பவில்லை. பல ஊர்ப் பிரதிகளை வரி வரியாக ஒப்பிட்டார். வேறுபட்ட பாடங்களையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். இந்த உழைப்பில்தான் 1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. பிறகு 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் பதவியைவிட எனக்குப் பெரிசாகத் தெரிவது, எண்பது வயசு தாண்டியும் 1937-ல் குறுந்தொகைக்கு உரையெழுதி வெளியிட்டதுதான். யுத்த பயத்தில் சென்னையே காலியானபோது திருக்கழுக்குன்றம் போனார். 1942 ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமானார். அடுத்த வருஷம் அவர் பெயரில் நூல்நிலையம் தொடங்கியது. இன்று அது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது.

அவ்வளவு அலைந்தவருக்கும் கிடைக்காதது உண்டு. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. பரிபாடல் எழுபதில் முழுசாகக் கிடைத்தவை 22தான். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் எந்த ஊர் ஏட்டிலும் இல்லை.