கடலின் போக்கைக் கணக்கெடுத்த ரென்னல்

ஐதராபாத்தில் கடல் இல்லை. ஆனாலும் அலை எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று நம் கரையோர மீனவர்களுக்குத் தகவல் போவது, 1999-ல் இந்த ஊரில் தொடங்கப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்திலிருந்துதான். நீரோட்டங்களைக் கணக்கெடுக்கும் வேலைக்கு வழிகாட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஜேம்ஸ் ரென்னல்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1742 டிசம்பர் 3-ம் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 14-வது வயதில் கடற்படையில் சேர்ந்து, புதுச்சேரி முற்றுகைக்கு வந்தார். பிறகு சென்னைப் பிரமுகர் ஒருவரின் சிறு கப்பலில் பாக் நீரிணையையும் பாம்பன் வழியையும் அளந்தார். 1764-ல் வங்காளத்தில் நில அளவை அதிகாரியானார்.

1766-ல் பூட்டான் எல்லையில் சந்நியாசிப் படையினரின் வாள்வெட்டு அவர் தோளைப் பிளந்தது. திறந்த படகில் டாக்காவுக்குக் கொண்டுபோனார்கள். காயத்துக்கு வெங்காயம்தான் மருந்து. உயிர் பிழைத்தாலும் பழைய உடல்நலம் திரும்பவில்லை. 1777-ல் தாயகம் புறப்பட்டார்.

லண்டனில் இருந்தபடியே கப்பல் தலைவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டினார். கப்பல் போயிருக்க வேண்டிய இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு. அந்த வித்தியாசமே நீரோட்டம் இழுத்த தூரம். காற்றுதான் பெரும்பாலும் கடல்நீரைத் தள்ளுகிறது என்று அவர் கண்டார். பல நாள் மேல்காற்று வீசினால் சில்லித் தீவுகளுக்கு மேற்கே நீர் வடக்கே ஓடிக் கப்பல்களைப் பாறைப்பக்கம் இழுக்கும் என்று 1793-ல் எச்சரித்தார். அத்தீவுகளில் 1707-ல் ஒரே இரவில் நான்கு போர்க்கப்பல்கள் மூழ்கியிருந்தன.

வெப்பமண்டலக் காற்று மேற்கே தள்ளும் நீர், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து சூடு ஆறாமல் வடக்கே விரைகிறது. 1821-22 குளிர்காலத்தில் அந்த வெதுவெதுப்பு ஐரோப்பியக் கரை வரை வந்ததைச் சபைன் என்பவர் அளந்தார். ரென்னல் அதையும் ஆராய்ந்தார். அந்த ஓட்டம் அமெரிக்கக் கரையோரம் ஒடுங்கி விரைவதற்குப் பூமியின் சுழற்சியும் காரணம் என்று 1948-ல் ஸ்டாமெல் விளக்கினார். வெப்ப நாடுகளின் சூட்டில் ஒரு பங்கு இப்படித்தான் துருவப் பக்கம் போகிறது.

ரென்னல் 1830 மார்ச் 29-ம் தேதி மறைந்தார். முடிந்த நூலைக் கையில் பார்க்கவில்லை. 1832-ல் மகள் ஜேன் அதை வெளியிட்டார். ஐதராபாத்திலிருந்து பாம்பன் மீனவருக்கு இன்று போகும் செய்தியிலும் அந்த உழைப்பின் பங்கு உண்டு.