நோயுற்று வீடு திரும்பிய தளபதி

அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியாக ஜோர்ஜ் வொஷிங்டனை உலகம் நன்கறியும். ஆயினும் தமது 25 ஆவது வயதில் அவர் போர்முனையிலிருந்து வெற்றியோடன்றிக் கடும் நோயோடு வீடு திரும்பியவர் என்பதைப் பலர் அறியார்.

1732 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி, பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த வேர்ஜீனியாவில் புகையிலை பயிரிடும் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். உயர்கல்விக்கு வழியின்றி நில அளவைத் தொழிலில் ஈடுபட்டார். 1751 இல், சயரோகத்தால் வாடிய மூத்த சகோதரர் லோரன்ஸுக்குத் துணையாகப் பார்படோஸ் தீவுக்குச் சென்றவிடத்து அவரைப் பெரியம்மை பீடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார், சகோதரரோ மறு ஆண்டில் மறைந்தார். சகோதரருக்குரியதாயிருந்த மவுண்ட் வேர்னன் பண்ணையை 1754 இறுதியில் குத்தகைக்குப் பெற்றார். அந்நிலத்தில் உழைத்தோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்க மக்கள் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

ஒஹையோ ஆற்றுப் பிரதேசத்துக்காகப் பிரித்தானியாவும் பிரான்ஸும் மோதிய காலம் அது. 1755 இல் ஜெனரல் பிராடொக்கின் படையில் அவர் தொண்டராகச் சேர்ந்தார். வழியில் வயிற்றுளைவு கண்டு பின்தங்கினார். வண்டியில் படுத்தபடியே படையை மீண்டும் எட்டிப்பிடித்தார். மறுநாள், ஜூலை 9 ஆம் திகதி, மொனொங்கஹேலா ஆற்றருகே அப்படை நிலைகுலைந்தது. வொஷிங்டனின் இரு குதிரைகள் சுடப்பட்டன. நான்கு குண்டுகள் அவரது உடையைத் துளைத்தன. படுகாயமுற்ற பிராடொக் சில நாட்களில் இறந்தார். அடுத்த மாதமே 23 வயது வொஷிங்டன் வேர்ஜீனியாப் படைப்பிரிவின் கேணலாக நியமிக்கப்பட்டார்.

1757 இல் அதே நோய் மீண்டும் பற்றியது. மாதக்கணக்கில் அதனைப் பொறுத்துக்கொண்டு கடமையாற்றியவர், நவம்பரில் வைத்தியர் ஜேம்ஸ் கிரெய்க்கின் அறிவுரைப்படி வீடு திரும்பினார். சகோதரரைக் கொண்டுபோன சயரோகமே தம்மையும் தொட்டுவிட்டதோ என அஞ்சினார். பதவி துறக்கவும் எண்ணினார். 1758 மார்ச்சில் வில்லியம்ஸ்பேர்க் நகர வைத்தியர் ஒருவர் அவரது அச்சத்தைப் போக்கினார். மீண்டும் படைக்குச் சென்று, பிரெஞ்சுக்காரர் எரித்துவிட்டுச் சென்ற டுக்கேன் கோட்டை நவம்பரில் கைப்பற்றப்படும் வரை பணியாற்றினார். அதன்பின் பதவி விலகி, 1759 ஜனவரி 6 ஆம் திகதி மார்த்தா கஸ்டிஸ் என்னும் விதவையை மணந்து பண்ணை வாழ்வில் அமர்ந்தார்.

நோயின் வலிமையை உடலால் உணர்ந்த இவ்வனுபவம் பின்னர் பயனளித்தது எனலாம். சுதந்திரப் போரில் துப்பாக்கிக் குண்டுகளைவிட நோய்களே அதிகமான வீரர்களைப் பலிகொண்டன. 1777 பெப்ரவரியில், பிரதம தளபதியாயிருந்த வொஷிங்டன் படையினருக்குப் பெரியம்மைத் தடுப்புக் குத்துமாறு பணித்தார். கொப்புளத்தின் நீரைக் கீறிய தோலில் ஏற்றும் அக்கால முறையில் வீரர்கள் சில வாரங்கள் படுக்கையில் கிடக்க நேரும். எதிரி அதனை அறிந்தால் ஆபத்து; எனவே செயல் இரகசியமாகவே நடந்தேறியது. பெரியம்மையால் படை சிதையும் அபாயம் அதனால் வெகுவாகக் குறைந்தது.

1783 டிசம்பரில் வெற்றி பெற்ற தளபதியாகப் பதவியை ஒப்படைத்துவிட்டு மீண்டும் பண்ணைக்கே சென்றார். 1799 டிசம்பர் 14 ஆம் திகதி மறைந்தபோது, தமக்குரிய அடிமைகளைத் தம் மனைவியின் காலத்திற்குப் பின் விடுவிக்க உயிலில் ஏற்பாடு செய்திருந்தார். அது காலங்கடந்த நீதியே.

போரிலிருந்து நோயுடன் திரும்புவோரைத் தோற்றவர்களாகப் பார்ப்பது உலக வழக்கம். அவ்வாறு திரும்பிய ஓர் இளைஞர், தாம் பட்ட துன்பத்தை மறவாதிருந்தமையால் பின்னாளில் பல வீரர்களின் உயிரைக் காத்தார் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.