கர்னல் சர் இராம்நாத் சோப்ரா

நோயுற்றான் ஒருவனுக்கு மருந்து கொடுத்தல் நல்லறம் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், கொடுக்கப்படும் பொருள் மெய்யாகவே மருந்துதானா என வினவுதலும் அவ்வறத்தின் ஒரு கூறேயாம் என்பதைச் சிலரே உணர்ந்துள்ளனர். நம் நாட்டில் அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் வினவி, அதற்கு விடை காணும் நெறியையும் அமைத்துச் சென்ற பெரியார் கர்னல் சர் இராம்நாத் சோப்ரா ஆவர். இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்பெறும் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அவரை நாம் எண்ணத் தலைப்பட்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி முதலிய ஊர்களிலிருந்து நம்மிற் பலர் நாள்தோறும் கல்லூரிக்கு வருகின்றோம். மாலையில் வேலை முடிந்து திரும்பும் தொழிலாளருள் சிலர், அன்றைய கூலியை மதுக்கடையிலே இழந்து வீடு செல்வதைக் கண்டிருக்கின்றோம். குடியை மறக்கச் செய்யும் என்று விற்கப்படும் பெயரறியாப் பொடிகளை அவர்தம் இல்லத்துப் பெண்டிர் வாங்கி, கணவன்மார் அறியாவண்ணம் சோற்றிலே கலந்திடுவதையும் கேட்டிருக்கின்றோம். அப்பொடியில் அமைந்திருப்பது யாது? அதனைச் சோதித்தவர் யாவர்? இவ்வினாக்களே நம்மைச் சோப்ராவினிடம் கொண்டு சேர்த்தன.

அவர் 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள், இன்று பாகிஸ்தானத்தின்கண் உள்ள குஜ்ரன்வாலாவிற் பிறந்தார். லாகூரிற் கல்வி பயின்று, 1903-ல் கேம்பிரிட்ஜ் சென்று டவுனிங் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கு மருந்தியல் வல்லுநராகிய டிக்ஸன் என்பாரின் தொடர்பு, அவர்தம் வாழ்வின் திசையை வகுத்தது. உடலினுட் புகுந்த மருந்து இதயத்தையும் நரம்பையும் குருதியழுத்தத்தையும் எவ்வாறு மாற்றுகின்றது என அளந்தறிதலே அக்கலையாம். 1908-ல் இந்திய மருத்துவப் பணியிற் புகுந்த அவர், முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தொண்டாற்றினார்.

1921-ல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியற் பேராசிரியராயினார். மூலிகை ஒன்றை எடுத்து, அதன் சத்தைப் பிரித்து, அச்சத்தின் செயலை விலங்குகளிடத்து ஆய்ந்து, பின்னரே நோயாளிக்கு அளித்தல் என்னும் ஒழுங்கினை ஆங்கு அவர் நிலைநாட்டினார். சர்ப்பகந்தியின் சத்தினைத் துணைவரோடு அம்முறையில் ஆய்ந்து 1933-ல் வெளியிட்டார். இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டே.

அதே கண்ணோடு அவர் போதைப் பொருள்களையும் நோக்கினார் என்பதே நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. அபினி உண்பாரையும் கஞ்சா புகைப்பாரையும் இழிந்தோர் என உலகம் ஒதுக்கிய காலத்தில், அவர்கள் எவ்வயதில் தொடங்கினர், எத்துணை அளவு கொண்டனர், எந்நோயால் அல்லது எவர் கூட்டத்தால் அதனை நாடினர் எனப் பொறுமையோடு ஆராய்ந்தார். 1942-ல் இந்நாட்டு மதுபானங்களைக் குறித்தும் தம்மோடு உழைத்த இருவருடன் எழுதினார். பழித்தலினும் அறிதல் நன்று என்பதே அவர் காட்டிய நெறி.

அறிதல் மட்டும் போதாது, காத்தலும் வேண்டும். 1930-31-ல் அமைந்த மருந்து விசாரணைக் குழுவிற்கு அவரே தலைவர். நாட்டில் விற்கப்படும் மருந்துகளின் தரக்கேட்டையும் கலப்படத்தையும் அக்குழு எடுத்துக்காட்டியது. அதன் பயனாகவே 1940-ல் மருந்துச் சட்டம் பிறந்தது. பூந்தமல்லியில் நாம் நுழையும் மருந்துக் கடையின் சுவரிலே தொங்கும் உரிமச் சீட்டு, அச்சட்டத்தின் வழி வந்ததேயாம்.

1941-ல் சர் பட்டம் பெற்று ஓய்வுற்ற பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். காஷ்மீர நாட்டில் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார். நாட்டு மருத்துவ முறைகளைப் பற்றிய குழுவிற்குத் தலைமை தாங்கி, 1948-ல் அறிக்கை அளித்தார்.

அவ்வாண்டிலேயே சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கோபன்ஹேகனில் ஹால்டு, யாக்கப்ஸன் என்போர், டைசல்ஃபிராம் உண்டவர் மது அருந்தின் உடல் வெறுக்கும் என்று கண்டு வெளியிட்டதும் அவ்வாண்டே. அசெட்டால்டிஹைடு என்னும் நஞ்சு குருதியிலே தேங்குதலே அதற்குக் காரணம் என்பது, மக்களிடத்தும் முயல்களிடத்தும் செய்த ஆய்வுகளால் விளங்கிற்று. பின்னர், அபினியின் செயலைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன், குரங்குகளிடத்து மது நாட்டத்தைக் குறைத்தமை 1980-ல் தெரியவந்தது. அது மனிதரிடத்துச் சோதிக்கப்பெற்று, 1994-ல் அமெரிக்காவில் மதுநோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. சோப்ரா கல்கத்தாவிற் கற்பித்த ஒழுங்கும் இதுவே: முதலில் விலங்கு, பின்னர் மனிதன்.

வாய்பேசா உயிர்களைத் துன்புறுத்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அதனாலன்றோ 1960-ஆம் ஆண்டு வதைத்தடுப்புச் சட்டம் விலங்காய்வுக்கும் வரம்பிட்டது. அன்றியும், கூண்டிலுள்ள எலி கடனாலோ கவலையாலோ குடிப்பதன்று. ஆதலின் எலியிடத்துக் கண்டதெல்லாம் மனிதனுக்குப் பொருந்தும் எனத் துணிதலும் தவறு. ஆயின், சோதனையே இன்றி விற்கப்படும் பொடி யாரிடத்துச் சோதிக்கப்படுகின்றது? சோற்றை நம்பி உண்ணும் கணவனிடத்தன்றோ! டைசல்ஃபிராம் போன்ற மருந்தை உண்டதறியாது ஒருவன் குடிப்பானாயின், குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே இறுதி நேரலாம். ஆதலாலன்றோ மருத்துவர் அதனை நோயாளிக்கு உரைத்து, அவன் இசைவு பெற்றே அளிக்கின்றனர்.

சோப்ரா 1973-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13-ஆம் நாள் மறைந்தார். குடியர் எனப் பழிக்கப்படுபவரை நோயாளர் என நோக்கவும், மருந்து எனச் சொல்லப்படுவதை ஆய்ந்த பின்னரே நம்பவும் அவர்தம் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது. நம் தெருவில் பொடி வாங்கப் புறப்படும் தாய் ஒருத்தியைக் காணின், அவளைத் தடுத்து, கணவனோடு அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு வழிகாட்டுவோமாக. அப்பெரியாருக்கு மாணவராகிய நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.