சாமுவேல் அஜாயி கிரௌதர்

வேத வசனத்தை நம்பித் துன்பங்களைக் கடந்தோர் என்று மேடைகளில் பேசத் தொடங்கினால், நம் இளைஞருள் சிலர் முகம் சுளிப்பதை நாம் கண்டிருக்கிறோம். துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், மறுமையில் பலன் உண்டு என்று கூறி ஒடுக்கப்பட்டவனை மேலும் உறங்கவைக்கும் போதனை அது என்பது அவர்தம் எண்ணம். அவ்வாறு போதித்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வசனத்தை நம்பிய ஒருவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை ஒரு வாழ்க்கையைக் கொண்டே பார்த்தல் நலம். அதற்கு நாம் தெரிந்தெடுத்த பெரியார் 19ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த சாமுவேல் அஜாயி கிரௌதர். சந்தையில் விற்கப்பட்ட சிறுவனாயிருந்து, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயராக உயர்ந்தவர் அவர்.

இன்று நைஜீரியா எனப்படும் நாட்டில், யொருபா மொழி பேசும் மக்களிடையே, ஒசோகுன் என்னும் ஊரில் ஏறத்தாழ 1809ஆம் ஆண்டு அஜாயி பிறந்தார். தந்தையார் நெசவுத் தொழில் செய்தவர். 1821ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாட்காலை, வீடுகளில் உணவு ஆக்கிக்கொண்டிருந்த வேளையில், அடிமை பிடிக்கும் படையினர் ஊரைச் சூழ்ந்தனர். ஊர் தீக்கிரையாயிற்று. தாயும், தங்கையரும், அஜாயியும் கழுத்தில் கயிறு பிணிக்கப்பட்டு, ஆடுமாடுகளைப்போல் ஓட்டிச் செல்லப்பட்டனர். ஓரிரு நாளிலேயே தாய் ஒரு கையிலும் மகன் வேறொரு கையிலுமாகப் பங்கிடப்பட்டார்கள். அப்போது சிறுவனுக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று.

அதன்பின் நடந்தவற்றைக் கிரௌதர் பிற்காலத்தில், 1837ஆம் ஆண்டில், தாமே ஒரு நீண்ட கடிதமாக எழுதிவைத்தார். படிப்பவர் கண் கலங்காதிரார். ஒருவன் அவரைக் குதிரை ஒன்றுக்கு ஈடாகக் கொடுத்தான். சில காலம் சென்று, குதிரை தனக்குப் பிடிக்கவில்லையென்று அதைத் திருப்பிவிட்டுச் சிறுவனை மீண்டும் பெற்றுக்கொண்டான். பின்னர் கை மாறிக் கை மாறி, சாராயத்துக்கும் புகையிலைக்கும் விற்கப்பட்டார். கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் போர்ச்சுக்கீசியரிடம் விற்றுவிடுவார்கள் என்ற அச்சத்தால் இரவு வேளைகளில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், துணிவு வரவில்லை. அஞ்சியதே நடந்தது. 1822 ஏப்ரலில் லேகோஸ் துறையில் 187 பேரோடு அவரும் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்டார்.

அடிமை வாணிகத்தை 1807ஆம் ஆண்டில் பிரிட்டன் சட்டத்தால் தடை செய்திருந்தது. அச்சட்டத்தை நடத்த அதன் போர்க்கப்பல்கள் அக்கடலில் சுற்றிவந்தன. அவற்றுள் ஒன்றான மிர்மிடன், ஹென்றி லீக் என்னும் தலைவரின் கீழ், மறுநாளே அடிமைக் கப்பலைப் பிடித்தது. மீட்கப்பட்டோருக்கோ அது மீட்பு என்று தெரியவில்லை. போர்க்கப்பலில் தொங்கிய பன்றி இறைச்சியைத் தம் தோழரின் சதை என்றும், அடுக்கியிருந்த பீரங்கிக் குண்டுகளைத் தலைகள் என்றும் எண்ணிச் சிறுவர் நடுங்கினராம். விடுதலை வந்தபோதும் அதை நம்ப இயலாதபடி மனிதனை ஆக்கிவிடுவதே அடிமைத்தனத்தின் கொடுமை.

மீட்கப்பட்டோர் சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் அருகே குடியமர்த்தப்பட்டனர். அங்கே சி.எம்.எஸ். சங்கத்தார் பள்ளிகள் நடத்தினர். நம் திருநெல்வேலிச் சீமையில் ஊர்தோறும் பள்ளி வைத்த அதே சங்கம்தான். அஜாயி பள்ளியில் அமர்ந்த முதல் நாளே, தமக்கென ஓர் அரிச்சுவடி வாங்க வேண்டுமென்று தம் நாட்டவர் ஒருவரிடம் அரைக்காசு இரந்து பெற்றார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். ஆறு மாதத்துக்குள் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைப் படிக்கலானார். அத்துடன் தச்சுத் தொழிலும் கற்றார். பாடநூலை இலவசமாகக் கையில் கொடுத்தும் அட்டையைப் பிரிக்காமல் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் நமக்கு, அந்த அரைக்காசு நெஞ்சில் தைக்கிறது.

1825 டிசம்பர் 11ஆம் நாள் அவர் ஞானஸ்நானம் பெற்று, இங்கிலாந்தில் சங்கத்தின் அன்பர் ஒருவர் பெயரைத் தாங்கிச் சாமுவேல் கிரௌதர் ஆனார். அஜாயி என்ற தம் பெயரையும் விட்டுவிடவில்லை. 1827இல் நிறுவப்பெற்ற பூரா பே கல்லூரியின் முதல் மாணாக்கருள் ஒருவராகி, பின் பள்ளி ஆசிரியரானார். அவரைப்போலவே அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட அசனோ என்னும் சூசனை மணந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாம் பிடிபட்ட நாளையும் தேவ செயலின் ஒரு பகுதியாகக் கிரௌதர் தம் கடிதத்தில் நோக்குகிறார். இதைக் கொண்டு, அடிமைத்தனம் தேவன் ஏற்படுத்தியது என்றோ, அதனால் நன்மை விளைந்தது என்றோ சிலர் பேசுவர். அவர் அப்படிக் கொள்ளவில்லை. அடிமை வாணிகத்தை ஒழிக்க அவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்தார். 1851இல் லண்டனுக்குச் சென்று அரசாங்க அமைச்சரிடமும் விக்டோரியா அரசியாரிடமும் அதுபற்றி நேரில் எடுத்துரைத்தார். கொடுமையைச் செய்தவர் மனிதர். அதற்குள்ளும் தம்மைக் கைவிடாதவர் தேவன். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் பிடித்துக்கொண்டார்.

1841இல் நைஜர் ஆற்றின் வழியே உள்நாடு சென்ற பயணக் குழுவில் அவரும் சேர்ந்தார். காய்ச்சல் கண்டு ஆங்கிலேயர் நாற்பது பேருக்கு மேல் மாண்டனர். அப்பயணத்தில் அவர் காட்டிய திறத்தைக் கண்ட சங்கத்தார் அவரை லண்டனுக்கு அழைத்துப் பயிற்றுவித்தனர். 1843இல் அவர் குருப்பட்டம் பெற்றார். அடுத்து அவர் வேண்டியது தம் மக்களிடம் திரும்பிச் செல்வதையே.

அபெயொக்குட்டா நகரில் ஊழியம் தொடங்கிய சில நாட்களுக்குள், 1846 ஆகஸ்ட் 21ஆம் நாள், அவருடைய தாயார் அவரைத் தேடி வந்து சேர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. கயிற்றில் பிணிப்புண்டு பிரிந்த மகன் குருவானவராக நிற்கிறார், தாயோ முதுமையடைந்திருந்தார். இருவரும் பேச நாவெழாமல் ஒருவரையொருவர் நோக்கிக் கண்ணீர் வடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர் என்று அவரே எழுதுகிறார். தாய் மகனை அப்போதும் அஜாயி என்றே அழைத்தார். 1848 பிப்ரவரியில் அத்தாய் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு இடப்பட்ட பெயர் அன்னாள். வேதத்தில் சாமுவேலின் தாய் யார் என்பதை நம் மலரின் வாசகருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கிரௌதரின் வாழ்நாட் பணி யொருபா வேதாகமம். எழுத்துருவில் முறையாக நிலைபெறாதிருந்த மொழி அது. ஒரே அசை, குரல் ஏறினால் ஒரு பொருளும் இறங்கினால் வேறு பொருளும் தரும். அதற்கு ஏற்ற எழுத்து முறையை அமைப்பதில் அவர் பெரும் பங்கு கொண்டார். உரோமன் எழுத்துகளின் கீழே புள்ளி வைத்துச் சில ஒலிகளை வேறுபடுத்திக் காட்டுவர். (புள்ளியின் அருமை தமிழ் படித்தவருக்குத் தெரியும்.) 1843இலேயே யொருபாச் சொற்றொகுதியும் இலக்கணமும் வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் வைத்துச் செல்லாமல், ஊர் முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் பழமொழி கூறும்போதும் வழக்குரைக்கும்போதும் என்ன சொல் கையாள்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கடவுளைக் குறிக்க அயல்மொழிச் சொல்லைப் புகுத்தாமல், அம்மக்கள் வழங்கிவந்த ஒலோருன் என்ற சொல்லையே கொண்டார். உடனுழைத்தோர் பலர் துணை நிற்க, 1884இல் முழு வேதாகமமும் நிறைவெய்தியது. அவர் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைப்பு. வசனத்தை நம்புதல் என்பதற்கு நாம் அறிந்த சிறந்த விளக்கம் இந்த நாற்பது ஆண்டுகளே. தமக்கு உயிர் தந்ததை, இரவல் மொழியில் அன்றித் தம் தாய் கேட்டு விளங்கும் மொழியில் அவர் வைத்துக் கொடுத்தார்.

1864 ஜூன் 29ஆம் நாள் கான்டர்பரி பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அவரைக் கடலில் மீட்ட ஹென்றி லீக், அப்போது கடற்படைத் தளபதியாக உயர்ந்திருந்தவர், அவ்வழிபாட்டில் அமர்ந்திருந்தார். அவருக்கு அரிச்சுவடி கற்பித்த வீக்ஸ் அம்மையாரும் வந்திருந்தார். ஓர் ஆசிரியைக்கு இதினும் பெரிய பேறு ஏது? நம் நாட்டில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றது 1912இல்; கிரௌதருக்கு 48 ஆண்டுகள் பிற்பாடு.

ஆனால் பட்டம் கிடைத்த அன்றே அவமதிப்பும் தொடங்கிற்று எனலாம். அவர்தம் சொந்த மண்ணான யொருபா நாட்டிலிருந்த வெள்ளை மிஷனரிகள், ஒரு கறுப்பரின் கீழ் ஊழியம் செய்ய ஒருப்படவில்லை. எனவே அவர்களை விலக்கி, நைஜர் ஆற்றுப் பகுதி முதலியவையே அவருக்கு ஒதுக்கப்பட்டன. அவரை ஆதரித்து நின்ற சங்கச் செயலாளர் ஹென்றி வென் 1873இல் மறைந்தபின் நிலைமை மோசமாயிற்று. 1890 ஆகஸ்டில் ஒனிட்சாவில் கூடிய நிதிக்குழுவில், இங்கிலாந்திலிருந்து புதிதாய் வந்த இளைஞர் சிலர், எண்பது வயதைக் கடந்த பேராயரை எதிரே வைத்துக்கொண்டே, அவருடைய குருமாரையும் ஊழியரையும் தகுதியற்றவர் என்று விலக்கினர். அவர் மகனும் தலைமைக் குருவுமான டாண்ட்சன் கிரௌதரும் அவர்களுள் ஒருவர். பேராயர் என்ற அதிகாரத்துக்கு அங்கே மதிப்பில்லை.

நேர்மையாகச் சொல்லின், அவ்வூழியருள் தவறு செய்தோரும் இருந்தனர். கிரௌதர் தண்டிப்பதில் மென்மையானவர், பரப்போ மிகப் பெரிது. ஆனால் விசாரித்துத் திருத்துவது வேறு, ஓர் இனத்தாரையே ஆளத் தகாதவர் என்று முடிவு கட்டிக்கொண்டு விசாரிப்பது வேறு. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் வைத்த சபைகளைக் கண்ட நம் சமுதாயத்துக்கு, இந்த வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை.

கிரௌதர் என்ன செய்தார்? பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. தம் எதிர்ப்பைத் தெரிவித்து அக்குழுவிலிருந்து விலகினார். டெல்டாப் பகுதிச் சபைகள் சங்கத்தின் பிடியிலிருந்து நீங்கித் தம் காலில் நிற்பதற்கான ஏற்பாட்டுக்கு ஆதரவளித்தார். ஆனால் விசுவாசத்தை விட்டு அவர் விலகவில்லை. வேதம் அந்த இளைஞர்களின் உடைமையென்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அரைக்காசு இரந்து எழுத்துக் கற்று, நாற்பது ஆண்டு தம் மொழியில் பெயர்த்த நூலை, நேற்று வந்த எவரும் அவர் கையிலிருந்து பறிக்க இயலாது. கொண்டுவந்தவரின் குற்றத்துக்காக வசனத்தைத் துறப்பதா என்று நம்மிடையே கேட்கும் இளைஞர்கள், அந்த முதியவர் அவ்வாண்டில் கொண்ட முடிவை எண்ணிப் பார்க்கலாம்.

1891இல் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. அவ்வாண்டின் இறுதி நாளான டிசம்பர் 31 அன்று லேகோஸ் நகரில் உயிர் நீத்தார். அவர் இடத்துக்கு ஆங்கிலேயர் ஒருவரே நியமிக்கப்பட்டார். டெல்டாச் சபைகள் 1892இல் தம்மைத் தாமே ஆளத் தொடங்கின. அவர் அபிஷேகம் பெற்ற 150ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 2014 ஜூன் 29ஆம் நாள் அதே கான்டர்பரி பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. முறைப்படி பேராயராக்கிவிட்டுப் பின் அவரைக் கைவிட்டது தவறு என்று கான்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அன்று வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். கிரௌதர் அடக்கமாகி அப்போது 122 ஆண்டுகள் ஆகியிருந்தன.