இராமானுஜன் விட்டுப்போன எண்

ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் பிறந்து, குடந்தையில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜனை அறியாதார் யார்? 1729-இன் கதையை நாங்கள் ஆறாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டோம். ஆகவே அதை விடுத்து, அதனினும் மிகப் பெரிய ஓர் எண்ணைப் பற்றி எழுத விழைகிறோம்.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பல பெற்றவர், அங்குள்ள அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்துத் தோல்வியுற்றார். உதவித்தொகையும் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தோல்வியே. (பொதுத்தேர்வை எதிர்நோக்கும் எங்களுக்கு இப்பகுதியைப் படிக்கையில் சற்று நடுக்கம்தான்!) காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

அங்கே 1915-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றியது. சிறுமலை வாழைப்பழம் 12 வாங்கினால் இருவர், மூவர், நால்வர், அறுவர் என எப்படியும் மீதியின்றிப் பங்கிடலாம். 13 வாங்கினாலோ சண்டைதான். 12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்கள் 102-ஐ அவர் பட்டியலிட்டார். இறுதி எண் 67,46,32,83,88,800. இதற்கு 10,080 காரணிகள்!

நாங்கள் நம்பவில்லை, கரும்பலகையில் பெருக்கியே பார்த்தோம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், அதாவது 7, 5, 3, 3, பின் ஐந்து 2-கள், காரணிகளின் தொகை வந்துவிடும். 17-ஆல் பெருக்குகையில் பிழை செய்து, அழித்து, மீண்டும் போட்டோம். 19 வரை பெருக்கியபோது கிடைத்தது 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள். அந்த எண்ணும் பட்டியலில் இருந்திருக்க வேண்டியதே. ஆனால் இராமானுஜன் அதைத் தவறவிட்டுவிட்டார்! தம் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்திருந்தால் அது அகப்பட்டிருக்கும். மேதையும் ஒரு வரியை விட்டிருக்கிறார் என்று அறிந்தபோது, எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தை என்னென்பது! அதனால் அவர்மேல் மதிப்புக் குறையவில்லை, நெருக்கமே கூடியது.

இக்கட்டுரையே அவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜின் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. இருமுறை தோற்றவருக்கு! 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். ஆனால் நோய் வாட்டியது. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

முதல் உலகப் போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்திடம் பணமில்லாததால், அக்கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றுவிட்டது. அவர்தம் மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994-இல் காலமானார். எஞ்சிய பகுதி வெளிவந்தது 1997-இல்.